வால் கத்தரித்த குதிரை

அத்தியாயம் 14

போன வாரம் விளிம்பு தளும்பிய ஒரு டீக் கிண்ணத்தோடு நின்றுபோனது கதை. மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

மருமகள் மாமனாருக்கு டீ ஊற்றும்போது பாதிக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். அவர் குடிக்கக் குடிக்க மறுபடி, மறுபடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. விளிம்பு வரை நிறைத்து நீட்டினால், 'குடிச்சிட்டு நடையைக் கட்டு' என்று வாயைத் திறக்காமல் சொன்னதாக ஆகும். கராகோல் என்னும் இந்த மலையூரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரிந்தேதான் பெகாயிம் நிறைத்தாள். அதுவும் மாமனாருக்கு, அவருடைய சொந்த வீட்டில்.

சண்டை எதற்கு என்றால், வெளிநாட்டுக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் நம்மூர் வழிகாட்டிப் பையன்களுக்கு ஒரு காப்பீடு எடுத்துவிட வேண்டும் என்றாள் அவள். ஊரின் மீட்புக் குழுவுக்குத் தலைவர் மாமனார் தொலோகோன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் மலையில் எங்கள் பையன் விழுந்தால் நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வருவோம், அதற்கு எவனிடமோ முன்பணம் கட்டுவதா என்றார். காப்பீடு எடுப்பது சாவை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி என்று வேறு சொன்னார். இத்தனை வருஷத்தில் மலையிலிருந்து இறக்கிய ஒருவரிடமும் அவர் ஒரு சோம் காசு வாங்கியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு மூச்சுக் காற்று.

அப்புறம்தான் அந்தக் கிண்ணம். தொலோகோன் அதைத் தொடவில்லை. எழுந்து வெளியே போனவர், குதிரைக் கொட்டிலிலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. மாமியார் சோனுன்பு மட்டும் இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருந்தாள். மருமகளிடம் வந்து, "அவருக்கு ரொட்டி கொண்டு போகட்டுமான்னு கேளு" என்பாள். கேட்க வேண்டியவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். பெகாயிம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்களே கேளுங்க அத்தை, எனக்கு நேத்தே விடை குடுத்தாச்சு" என்றாள்.

"விடை குடுத்தது நீயாடி, அவரா?" என்றாள் சோனுன்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். முப்பத்தைந்து வருஷத்தில் தான் ஒரு தடவையாவது அப்படி ஊற்றியிருக்கலாம் என்று அவளுக்கும் ஒரு ஆசை உண்டு. அதை இப்போது சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

தொலோகோன் காஷ்காவுக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வெள்ளை விழுந்த கருங்குதிரை. நடை போட்டால் மேலே வைத்த டீ சிந்தாது என்பார்கள். அவருடைய அண்ணன் சகின்பாயின் குதிரை அது. போன கோடையில் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் சகின்பாய் பாறையில் விழுந்தார். அவரைக் கீழே கொண்டுவந்ததும் காஷ்காதான். கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அன்றைக்கே காஷ்காவின் வாலைக் கத்தரித்துவிட்டார்கள். வால் கத்தரித்த குதிரை இறந்தவருக்குச் சொந்தம். ஒரு வருஷம் யாரும் ஏற மாட்டார்கள், விற்க மாட்டார்கள். கொழுக்கக் கொழுக்கத் தீனி போட்டு, வருஷ முடிவில் ஆஷ் என்னும் நினைவு விருந்தில் அறுத்து ஊரெல்லாம் கூடிச் சாப்பிடுவார்கள். அந்த விருந்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பந்தயக் குதிரை வாங்கி விற்கும் துப் ஊர் வியாபாரி செரிக்போல் வசந்தத்தில் வந்து, கார் சாவியை மேஜை மேல் வைத்து, காரோ அதன் விலையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று காஷ்காவைக் கேட்டான். தொலோகோன் சாவியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். அதை அவன் புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்த அழகைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் முன் அறையில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது.

மீட்புக் குழுவின் வயர்லெஸ் இவர்கள் வீட்டில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு பெகாயிம் விட்டுவிட்டாள். வீட்டில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களையும் இந்த வயர்லெஸ்ஸையும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. புருஷன் உர்மாத் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். வீட்டைப் பார்ப்பது இவள், மலையைப் பார்ப்பது மாமனார், மலை மேல் போய் வருவது கொழுந்தன் எல்தியார். இப்படி ஒரு ஏற்பாடு. இன்றைக்கும் எல்தியார் ஒரு ஜெர்மன்காரத் தம்பதியோடு பின்னிரவிலேயே மலைக்குக் கிளம்பிவிட்டான்.

பேசியது ஜாகிப். குழுவில் மூத்த ஆள், இன்றைக்கு வேறொரு கூட்டத்தோடு கணவாய்ப் பக்கம் போயிருந்தவன். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் பெகாயிமுக்குச் சரியாகப் படவில்லை. ஜாகிப் சாதாரணமாகப் பேசும்போதே கத்துகிறவன்.

"அண்ணி, மாமா பக்கத்துல இருக்காரா?"

"வெளிய இருக்காரு. சொல்லு."

"கணவாய்க்குக் கீழ கல்லு சரிஞ்சிடுச்சு. எல்தியார்தான். ஜெர்மன்காரங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல, அவங்களத் தள்ளி விட்டுட்டு இவன் மாட்டிக்கிட்டான். தொடை எலும்பு. வெளிய ரத்தம் இல்ல. ஆனா தொடை வீங்கிக்கிட்டே போகுது அண்ணி. முகம் வெளுத்துடுச்சு."

பெகாயிம் திரும்பினாள். தொலோகோன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வயர்லெஸ் கரகரத்தால் அவர் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார். முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டது தெரிந்தது. சின்ன மகன். கடைக்குட்டி. இந்த வீடும் கொட்டிலும் நாளைக்கு அவனுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். நேற்று அந்தச் சண்டை நடந்தபோது கறித் துண்டை மென்றுகொண்டே, 'எனக்கு எதுக்கு அண்ணி காப்பீடு, அப்பா இருக்காரு' என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தவன் அவன்தான்.

இனி மூன்று வழிதான். அரசாங்கத்தின் மீட்பு வண்டிக்குச் சொல்லலாம். சொன்னாள். உடனே புறப்படுகிறோம் என்றார்கள். நல்ல மனிதர்கள், ஒரு காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஆற்றுப் பாலம் வரைதான் வண்டி போகும். அதற்கு மேல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இறங்கி வர இருட்டிவிடும். இரண்டாவது, குதிரை. தொலோகோன் ஏற்கெனவே சேணத்தைத் தேடப் போய்விட்டார்.

மூன்றாவது, அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர். சீசனுக்காக ஊரின் பழைய விமானத் திடலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இவர்கள் வீட்டு முற்றத்திலிருந்தே அதன் வால் தெரியும். மேலே ஏறி இறங்க ஒரு பால் காய்ச்சும் நேரம் போதும். ஆனால் அது தனியார் கம்பெனியுடையது. காப்பீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் வர வேண்டும், இல்லை பணம் வந்து சேர வேண்டும். இரண்டில் ஒன்று வராமல் அதன் விசிறி சுற்றாது.

பெகாயிம் முதலில் ஜெர்மன்காரத் தம்பதியின் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண், தேன் மாதிரிப் பேசினாள். காப்பீடு எடுத்தவர்களுக்குக் காயம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும், மிகவும் சந்தோஷம் என்றாள். வழிகாட்டிக்குத்தான் என்று பெகாயிம் சொன்னாள். மிகவும் வருத்தம் என்றாள். சந்தோஷத்துக்கும் வருத்தத்துக்கும் குரலில் எள்ளளவு வித்தியாசம் இல்லை. வழிகாட்டி இந்தப் பட்டியலில் வரமாட்டார், அவருக்கென்று தனிக் காப்பீடு இருக்குமே, அந்த எண்ணைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

அந்த எண்ணைத்தான் நேற்று ராத்திரி ஒரு டீக் கிண்ணத்தில் மூழ்கடித்தாகிவிட்டதே.

அவளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பெகாயிம் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். பக்கத்தில் சோனுன்பு நின்றிருந்தாள். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் 'இல்லை' என்பது அவளுக்கு எந்த மொழியிலும் புரியும்.

"மறுபடி போடு" என்றாள்.

"போட்டு?"

"கால் உடைஞ்சது அந்த ஜெர்மன்காரனுக்குன்னு சொல்லு. ஹெலிகாப்டர் மேல போகட்டும். போனப்புறம் யாரை ஏத்தினா என்ன? ஊருல எவனும் செய்யாததையா சொல்றேன்? போன வருஷம் வயித்து வலிக்காரிக்கு எலும்பு முறிவுன்னு எழுதி இறக்கலையா?"

பெகாயிமுக்கு அந்த ஒரு நொடி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. எல்தியாரின் முகம் வெளுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஜெர்மன்கார அம்மாளிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவள் உண்மையைச் சொல்லுவாள், பறந்த ஹெலிகாப்டர் பாதி வழியில் திரும்பும். அதைவிட முக்கியமாக, இந்த வயர்லெஸ்ஸிலிருந்து ஒரு தடவை பொய் போனால் அடுத்த தடவை உண்மையாகவே ஒருவன் விழும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

"அது வேண்டாம் அத்தை. வேற வழி இருக்கு."

"என்ன வழி?"

"கொட்டில்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

தொலோகோன் தன் சாம்பல் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். வார் துவாரத்தில் நுழையவில்லை. அவளைப் பார்த்ததும், பேசாமலே அவளிடமிருந்து கயிற்றை எதிர்பார்ப்பது போல் கையை நீட்டினார். அவள் கயிற்றை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும் மாமா. அவனைக் குதிரையில ஏத்தினா உள்ள உடைஞ்ச எலும்பு என்ன பண்ணும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். குழுவுக்கு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"கயித்தக் குடு."

"காஷ்காவை வித்துடுங்க."

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. அவள் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை காஷ்காவே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"உனக்குப் பைத்தியமா?" என்றார். கயிற்றைக் கேட்டதை விட்டால், நேற்றிலிருந்து அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "இது அண்ணனோடது. வால் கத்தரிச்சாச்சு. செத்தவங்களுக்குன்னு விட்டதை வித்தா ஊரு என் மூஞ்சியில துப்பும். அண்ணன் சும்மா விடுவாரா? அதுவும், ஒருத்தனைக் காப்பாத்த பணம் கட்டுறதாம். உயிருக்கு விலை போடுறதாம். என் வீட்டுல."

"விலையை நீங்க போடல மாமா, ஹெலிகாப்டர்காரன் போட்டிருக்கான். நீங்க யாருகிட்டயும் வாங்காதீங்க, அது உங்க பெருமை, நான் தடுக்கல. ஆனா யாரோ ஒருத்தர் குடுக்கணும். இத்தனை வருஷமா இறக்கினீங்களே, அந்தக் குதிரைங்களுக்குத் தீனி, கயிறு, பெட்ரோல், ஜாகிப்போட வயித்துப்பாடு, எல்லாம் வானத்துலேர்ந்தா வந்துச்சு? நம்ம வீட்டுலேர்ந்துதான் போச்சு. அத்தையோட தோடு போச்சு. உர்மாத் அங்க ராத்திரி பகலா லாரி ஓட்டுறாரு. நாமதான் குடுத்துக்கிட்டே இருந்திருக்கோம். இன்னைக்கு மட்டும் ஏன் கணக்குப் பாக்கணும்?"

தொலோகோன் குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாரைத் துவாரத்தில் நுழைக்க மறுபடி முயன்றார்.

பெகாயிமுக்கு இன்னொரு விஷயமும் நாக்கு நுனி வரை வந்தது. போன கோடையில் சகின்பாய் விழுந்த அன்றும் அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் அதே திடலில்தான் நின்றது. அன்றும் பணம் யார் கட்டுவது என்ற பேச்சு வந்தது. 'நாமளே இறக்கிடலாம்' என்று சொன்னவர் இவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லவில்லை. ஒருவரைக் கொல்ல வேறு ஆயுதம் வேண்டாம், அது ஒன்று போதும். அதனால் அதை விழுங்கிவிட்டு வேறு ஒன்று சொன்னாள்.

"எல்தியார் செத்தா, கடவுள் காப்பாத்தட்டும், செத்தா என்ன பண்ணுவீங்க? ஒரு குதிரையை அறுப்பீங்க. சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் தூக்கித் தூக்கிப் பணம் குடுப்பான். குடுக்கலன்னா அசிங்கம்னு கடன் வாங்கியாவது குடுப்பான். செத்தவனுக்காக இத்தனையும் பண்றவங்க நாம. அவன் இன்னும் சாகல மாமா. உயிரோட இருக்கறப்பவே அந்தக் குதிரையை அவனுக்குக் குடுத்துடுங்களேன். பெரிய மாமா இருந்திருந்தா வேற என்ன சொல்லியிருப்பாரு?"

முற்றத்தில் சோனுன்பு வந்து நின்றது இருவருக்குமே தெரியவில்லை. அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"குடுத்துடுங்க."

தொலோகோன் சேணத்தை இறக்கிக் கீழே வைத்தார். காஷ்காவின் கழுத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் பழைய குரல், மலையில் நின்று ஆட்களை ஏவுகிற குரல்.

"அந்தக் கார் சாவிக்காரனுக்குப் போன் போடு."

செரிக்போல் போனை எடுத்தான். காஷ்கா என்றதும் முதலில் நம்பவில்லை. நம்பியதும் வியாபாரி புத்தி வந்துவிட்டது. அவசரம் என்று மோப்பம் பிடித்துவிட்டான். வால் கத்தரித்த குதிரை ஆயிற்றே, பந்தயத்தில் இறக்கினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான், வசந்தத்தில் சொன்ன விலை வசந்தத்தோடு போயிற்று என்று இழுத்தான்.

"வாலு வளரும்" என்றாள் பெகாயிம். "காலு ஓடும். வசந்தத்துல சொன்ன விலைதான். பணம் எனக்கு வேண்டாம், நான் சொல்ற கம்பெனிக்கு இப்பவே அனுப்பணும். இந்தப் போனை நீங்க வைக்கறதுக்குள்ள. இல்லன்னா ஊருக்குள்ள இன்னும் ரெண்டு பேரு கேட்டுட்டுப் போயிருக்காங்க, அவங்களைக் கூப்பிடறேன்."

கேட்டுட்டுப் போனது ஒருத்தருமில்லை. காப்பீட்டுக்காரியிடம் பொய் சொல்லாத மருமகள் குதிரை வியாபாரியிடம் சொல்கிறாளே என்று கேட்காதீர்கள். குதிரைச் சந்தையில் அதற்குப் பெயர் பொய் இல்லை, பேச்சுவார்த்தை.

செரிக்போல் சற்று யோசித்தான். யாருக்கு ஹெலிகாப்டர் என்று கேட்டான். அவள் சொன்னாள். அதற்கு மேல் அவன் பேரம் பேசவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் மலையில் வேலை பார்க்கிறார்கள்.

அடுத்த போன் ஹெலிகாப்டர் கம்பெனிக்கு. அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டாள். இடம், காயம், மேலே காற்று எப்படி, இறங்க இடம் இருக்கிறதா. பணம் வந்துவிட்டது, சரி. பறந்த பிறகு கூடுதல் செலவானால் யார் பொறுப்பு, பெயர் சொல்லுங்கள் என்றாள்.

பெகாயிம் திகைத்துவிட்டாள். பொறுப்பு மாமனார்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இந்த வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் மருமகள் சொல்வதில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளிடம்கூட 'எங்கள் பெரியவர்' என்றுதான் சொல்லுவாள். போனை அவரிடம் நீட்டினாள். அவர் வயர்லெஸ்ஸில் ஜாகிப்புக்கு, சமதளமாகப் பார்த்து ஆட்களை நிறுத்து, துணியை விரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் திரும்பிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லும்மா" என்றார். "என் பேருதான். சத்தமா சொல்லு."

சொன்னாள். தொலோகோன். வாய்க்குள் புதுப் பலகாரம் மாதிரி இருந்தது. சோனுன்பு சட்டென்று தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் முற்றத்துக்கு மேல் காற்று அதிர்ந்தது. கோழிகள் கலைந்து ஓடின. சிவப்பு வயிறு காட்டி அது மலைப் பக்கம் திரும்பி, பாப்லர் மரங்களுக்கு மேல் சிறுத்துப் போனது. தொலோகோன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வருஷமாக அதைப் பார்க்காமலேயே திடலைக் கடந்து போகிறவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. தொடைக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், குதிரையில் கட்டி இறக்கியிருந்தால் பிணத்தைத்தான் இறக்கியிருப்பீர்கள் என்றாள். அவளுக்கு இந்தக் குடும்பத்தின் கதை தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் எல்தியார் முதலில் கேட்டது ஜெர்மன்காரர்களைப் பற்றி. இரண்டாவது, ஹெலிகாப்டரில் முதல் தடவையாக ஏறியும் ஒன்றும் பார்க்காமல் போயிற்றே என்று. மூன்றாவது அண்ணியைப் பார்த்து, "காசு யாரு கட்டினது?" என்றான்.

"உங்க பெரியப்பா" என்றாள் பெகாயிம்.

அவனுக்குப் புரிய இரண்டு மூச்சு ஆனது. புரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நேற்றுக் கண்ணடித்த பையன், இன்றைக்குத் தோள் குலுங்க அழுதான். அவள் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழட்டும், அழுதால்தான் எலும்பு கூடும்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் சோனுன்பு டீ வெந்நீருக்குச் சமோவாரை மூட்டினாள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். பெகாயிம் கிண்ணத்தை எடுத்தாள், பாதி ஊற்றினாள், வலது கையால் நீட்டி இடது கையை நெஞ்சில் வைத்தாள். தொலோகோன் வாங்கிக் குடித்தார். திருப்பி நீட்டினார். மறுபடி பாதி. மறுபடி நீட்டினார். இப்படியே எத்தனை கிண்ணம் போயிற்றோ. அவர் மன்னிப்பு கேட்கிற விதம் அது என்று அவளுக்குப் புரிந்தது. அவளுடைய மன்னிப்பும் அதிலேயே முடிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

"நாளைக்கு வழிகாட்டிப் பசங்க அத்தனை பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். "சோறு ஆக்கு. அந்தக் காப்பீட்டுக்காரனையும் கூப்பிடு. எவனாவது சாவைக் கூப்பிடுற மாதிரின்னு வாயைத் திறந்தா நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசினா போதும் மாமா, எவனும் திறக்க மாட்டான்."

"பசங்களைக் கூட்டிட்டுப் போற வெளிநாட்டுக்காரன் கட்டணும், பாதி. மீதி அவனவன் கட்டட்டும். இறக்கறதுக்கு நான் வாங்க மாட்டேன், அது வேற. ஏறுறதுக்கு முன்னாடி குடுக்கறது வேற." சொல்லிவிட்டு, ஏதோ இதை ரொம்ப நாளாக அவரே நினைத்து வைத்திருந்தது போல் மீசையைத் தடவிக்கொண்டார். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வெளியே லாரி வந்து நின்றது. செரிக்போல் குதிரையை ஏற்றிப்போக வந்துவிட்டான். இந்தத் தடவை வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டான். தொலோகோன் தானே கொட்டிலுக்குப் போய்க் காஷ்காவை அவிழ்த்து வந்தார். ஒரு வருஷமாகக் கட்டியே கிடந்த குதிரை, முற்றத்தின் மண்ணில் கால் வைத்ததும் அந்தப் பழைய நடையை எடுத்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு ஊல்கான் வந்தாள்.

சகின்பாயின் மனைவி. இன்னும் கறுப்பில்தான் இருக்கிறாள். ஆஷ் விருந்து முடிந்துதான் வெள்ளைத் தலைத்துணி கட்டுவாள். எல்தியாருக்கு அடிபட்டது தெரிந்து கையில் சூப்புப் பாத்திரத்தோடு ஓடி வந்திருக்கிறாள். குதிரை விஷயம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து இத்தனை போன் போட்ட பெகாயிமுக்கு அந்த ஒரு போன் நினைவே வரவில்லை. இப்போதுதான் வந்தது. குதிரை இவர்கள் வீட்டில் நின்றாலும், விருந்து அந்த அம்மாளுடையது.

ஊல்கான் லாரியைப் பார்த்தாள். செரிக்போலைப் பார்த்தாள். கத்தரித்த வாலைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணி" என்றார் தொலோகோன். "எல்தியாரை இறக்கறதுக்கு வேற வழி தெரியல. உங்ககிட்டக் கேட்டிருக்கணும். ஹெலிகாப்டருக்குக் குடுத்துட்டேன்."

"புள்ள பிழைச்சிட்டானா?"

"பிழைச்சிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். பிறகு மெதுவாக நடந்து வந்து, தொலோகோனின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். அவள் காஷ்காவின் முகத்தைத் தடவினாள். நெற்றி வெள்ளையில் கை நின்றது.

"போன வருஷம் இவன் முதுகுல கட்டித்தானே தம்பி அவரைக் கொண்டாந்தே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கும் இவன் நம்மகிட்டதானே இருந்தான். அந்த ஹெலிகாப்டரும் திடல்லதானே நின்னுச்சு."

லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு அவள் கையிலேயே இருந்தது. தொலோகோன் அதைத் திரும்பக் கேட்டுக் கையை நீட்டவில்லை.